ஈரமாக வந்த கோப்புகள்

எங்கள் குடும்பத்துக் கோப்புகள் எல்லாம் காவிரிக்கு அக்கரையில் ஒரு கிட்டங்கியில் இருக்கின்றன. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு நெட் லைன் வருகிறது. பாலத்தின் மேல் வந்து, மஞ்சள் மண்டியைச் சுற்றி, எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் நின்றுவிட்டு, கடைசியில் எங்கள் சமையலறைச் சுவரில் முடிகிறது. அதற்குள் சுண்டுவிரல் நுழையாது. தெருவில் யாராவது சீரியல் பார்த்தால் இன்னும் இளைத்துவிடும்.

கிட்டங்கி லோகநாதன் மாமாவின் பெயரில் இருக்கிறது. அவர் என் அக்காவின் கணவர். கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டு வீட்டுக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அதற்கும் போட்டோ எடுத்தார்கள். மாலை போட்ட ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் ஓரத்தில் நிற்கிறேன். கண் மூடியிருக்கிறது.

ஆயுத பூசைக்குச் சில நாள் இருக்கும்போது அக்கா ஒரு பையுடன் வீட்டுக்கு வந்தாள். அப்பாவும் அம்மாவும் வீட்டில் இல்லை. பெட்ஷீட் விற்க வடக்கே போயிருந்தார்கள். அவர்கள் ஏறிய ரயில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

"இனி அங்க போகல, பாப்பா" என்றாள் அக்கா.

"சரிக்கா."

"என்னோடது ஒரு ஃபோல்டர் அங்க இருக்குது."

அதற்கு 'பழைய கரண்ட் பில்' என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரில் இருந்தால் யாரும் திறக்க மாட்டார்கள். மூன்று வருடமாக யாரும் திறக்கவில்லை.

அவள் வந்த அன்றே லைனில் மாமாவின் செய்தி வர ஆரம்பித்தது. முதலில் 'விஜ' என்று மட்டும் வந்தது. சாப்பிட்டு முடித்தபோது 'யத' வந்தது. மறுநாள் மாலை முழுச் செய்தியும் வந்து சேர்ந்தது. விஜயதசமி அன்று கிட்டங்கியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறார். கரண்ட் பில் முதல். அவருடைய பெரியப்பாவும் வருகிறார்.

"அழிச்சுப் போடலாமாக்கா?"

"அழிச்சா, அந்த மூணு வருஷமும் நான் வாயவே தொறக்கலேன்னு ஆயிடும்."

"அதுல என்ன இருக்குது?"

"நான் பேசினது."

"யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான்" என்றாள். "தப்பா ஒண்ணுமில்ல. ஆனா அவருக்குச் சொன்னது இல்ல."

நான் பகலில் ஒரு பெட்ஷீட் குடோனில் பில் போடுகிறேன். மாலையில் வகுப்புக்குப் போகிறேன். கோப்புகளைப் பூட்டுவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். வகுப்பு ஒரு மில் ஸ்டோர்ஸுக்கு மேலே நடக்கிறது. முதல் பாடத்தின்போது முதல் மாடியில் இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாடி ஏறிவிடும். கீழே கடை அப்படியேதான் இருக்கிறது. அன்றன்று செய்ததை அன்றன்றே எழுத வேண்டும் என்று பிலோமினா மேடம் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதுகிறேன். சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

நான் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கோப்பு எங்க இருக்குது?"

"அக்கரையிலங்க மேடம்."

"பூட்டு எங்க போடுவே?"

"அங்கயே போட்டுடலாமுங்களா? இங்கிருந்து கைய நீட்டி."

"கை போனா சாவியும் கூடப் போகும். பாலத்துல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். கிட்டங்கிக்காரன் பாப்பான். அப்புறம் எதுக்குப் பூட்டு?"

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

"இங்க கொண்டு வா. உன் கையில பூட்டு. பூட்டினதத் திருப்பி அனுப்பு" என்றார் மேடம்.

"லைன் ரொம்ப மெதுவுங்க."

"மெதுவுன்னா மெதுவாக் கொண்டு வா."

"கொண்டு வந்தத இங்கயே வெச்சுக்கலாமுங்களா?"

"அங்க எடை போட்டு வெச்சிருப்பாங்க. குறைஞ்சா மணி அடிக்கும். இன்னொண்ணும் கேட்டுக்க. பூட்டினா அவங்களால படிக்க முடியாது. அவ்வளவுதான். கொட்டிப் போடறதையோ மிதிக்கறதையோ பூட்டு தடுக்காது."

எனக்கு ஒரு பித்தளைச் சாவி கொடுத்தார். கரண்டி அளவு இருந்தது.

மறுநாள் குடோனுக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையலறைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் கோப்பின் நுனி லைனில் தெரிந்தது. அன்று காலைதான் எதிர்வீட்டு அர்த்தநாரி அண்ணன், கோப்பு வந்து சேர மீதமுள்ள நேரமாக மாறினார்.

பனியனும் லுங்கியுமாக அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்னும் பதினோரு நிமிஷம்" என்றார். நான் நன்றி சொன்னேன். பதினோரு நிமிஷம் கழித்து, "இன்னும் நாலு வருஷம்" என்றார்.

அவர் மனைவி ருக்மணி அக்கா வாசலுக்கு வந்தார். "நேத்து வரைக்கும் மோட்டார் ரீவைண்டிங் பண்ணிட்டிருந்தாரு. இன்னைக்குப் பாரு, இப்படி ஆயிட்டாரு."

"சாப்பிடறாருங்களா?"

"சாப்பிடறாரு. எப்ப முடிப்பாருன்னுதான் தெரியல."

முதல் கோப்பு மதியம் வந்து சேர்ந்தது. ஈரமாக இருந்தது. துவைத்த துண்டு மாதிரி சொட்டியது. கூடவே குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் வந்தது. எங்கள் குழாயைப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

"அது அந்த வீட்டுக் குழாய்" என்றாள் அக்கா. "குளியலறையிலதான் பேசுவேன். குழாயத் தொறந்து விட்டுட்டுத்தான் பேசுவேன். வெளிய கேக்கக் கூடாதில்ல."

ஈரத்தோடு பூட்டினால் பூட்டு துருப்பிடிக்கும். பாடத்தில் இருக்கிறது. பிழியப் போனேன்.

"முறுக்காத பாப்பா. உதறி மட்டும் போடு."

கொடியில் போட்டோம். காயும்போது அது முணுமுணுத்தது. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அக்கா வைத்துக்கொள்ளவில்லை. கொடிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றாள். காய்ந்ததும் மடித்தேன். பூட்டினேன். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். லைனில் திருப்பி அனுப்பினேன்.

இப்படியே சில நாள் போனது. இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் மாலை நான் வகுப்புக்குக் கிளம்பினேன்.

எங்கள் தெருவில் வெளியே போகிறவர்கள் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். எங்கள் வீட்டுச் சாவி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் போகிறது. அன்று அக்கா வீட்டில் இருந்தாள். கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் என் கை தானாக நீண்டது. பித்தளைச் சாவியை ருக்மணி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

வகுப்பு ரொம்ப உயரத்துக்குப் போய்விட்டிருந்தது. பாதிப் படியில் எனக்குக் கை காலியாக இருப்பது தெரிந்தது. திரும்பி ஓடினேன். இறங்குவதற்கு ஏறியதைவிட அதிகப் படிகள் இருந்தன.

ருக்மணி அக்கா கோலமாவு சலித்துக்கொண்டிருந்தார். "சாவிதான? உங்க மாப்பிள்ளை வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

"ஏனுங்கக்கா குடுத்தீங்க?"

"கேட்டாருல்ல. உங்க வீட்டு மாப்பிள்ளைதான? பால்காரன் கேட்டாலே குடுக்கறேன். காப்பி போட்டேன், குடிக்காமப் போயிட்டாரு, பாவம்."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கொடியைப் பார்த்தாள். அதில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"காப்பி குடிக்கலையா?"

"இல்லையாம்."

"அப்பக் கோவமா இருக்காரு" என்றாள்.

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. மீதி முறுக்கை எனக்குக் கொடுத்தாள்.

மறுபடி படியேறி வகுப்புக்குப் போனேன். அங்கே எல்லோரும் கம்ப்யூட்டர்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா மேடம் தன் கம்ப்யூட்டருக்குத் தானே பொட்டு வைத்தார்.

"எனக்குப் பூசை இல்ல. ஆனா இதுக்கு இருக்குது" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் பொட்டைச் சரி செய்துகொண்டே கேட்டார்.

"பூட்டினதெல்லாம் வீண். எல்லாத்தையும் மறுபடி கொண்டு வா. வேற சாவி போடு."

"நாளைக்கு ஆயுத பூசைங்க மேடம். நாளன்னைக்கு அவரு வர்றாரு."

"தெரியுது."

"வேற சாவி குடுங்க மேடம்."

"கையில குடுத்தா எதிர்வீட்டுல குடுப்பே. இந்தத் தடவ வாயில வெச்சுக்க. ஒரு வாக்கியம். சாமி பேரு, பாட்டு, பொறந்த தேதி எல்லாம் ஆகாது. நீளமா இருக்கோணும். இதுவரைக்கும் யாரும் சொல்லாததா இருக்கோணும்."

"நான் மறந்துட்டா?"

"மறந்துட்டா அவ்வளவுதான். நானே வந்தாலும் தொறக்க முடியாது."

எனக்கு அடுப்பை அணைத்தேனா என்பதே நினைவிருக்காது. மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். அதை மேடத்திடம் சொல்லவில்லை.

ஆயுத பூசை அன்று காலையில் ஊர் நின்றது. அரிவாள்மனை, தையல் மிஷின், ஸ்கூட்டர், தறி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். இனி மறுநாள் வரை யாரும் எதையும் தொட மாட்டார்கள். டிவிக்கும் ஃபோனுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். கரும்புச் சக்கை அள்ளும் முள்கரண்டிக்குக்கூட வைத்திருந்தார்கள்.

லைனுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. அதை ஒரு கருவி என்று யாரும் நினைத்ததில்லை.

அதனால் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வேறு யாரும் இல்லை. முதலில் அது மணிக்கட்டுக் கனம் ஆயிற்று. பிறகு இடுப்புக் கனம். பொங்கல் நைவேத்தியம் ஆவதற்குள் எங்கள் சமையலறைச் சுவர் வழியாகப் பாலம் தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கிட்டங்கியின் கதவும் தெரிந்தது.

"இன்னும் ஒரு நிமிஷம்" என்றார் அர்த்தநாரி அண்ணன்.

ஒரு நிமிஷத்தில் எல்லாம் வந்துவிட்டது. அவர் சொன்னபடி நடந்தது அதுதான் முதல் தடவை. ருக்மணி அக்கா அவருக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

கோப்புகள் கூடத்தை நிறைத்தன. தண்ணீர் வாசல் வரைக்கும் வந்தது. எங்கள் கொடி போதவில்லை. தெருவில் எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கை அள்ளி, உதறி, அவரவர் மாடியில் காயப் போட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அக்கா பேசியதெல்லாம் பத்து மாடியில் வெயிலில் தொங்கியது.

"பயப்படாத கண்ணு" என்றார் ருக்மணி அக்கா. "சரஸ்வதி பூசையன்னைக்கு யாரும் எதையும் படிக்க மாட்டாங்க."

உண்மைதான். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உதறினார்கள். சாவியைக் கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பவர்கள், இதை ஒரு வரி படிக்கவில்லை. பஞ்சாயத்து பேசுவதிலேயே பேர் வாங்கிய கோடிவீட்டு அத்தைகூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளிப் போட்டார். ஒன்றைத் தன் முந்தானையோடு சேர்த்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் எல்லாம் காய்ந்தது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"அக்கா, இன்னைக்கு ஆயுதத்தத் தொடக் கூடாது. நாக்கு ஆயுதமா?"

"இந்தத் தெருவுல எல்லா நாக்கும் ஆயுதந்தான். உன்னோடதுக்குப் பொட்டு வெச்சாங்களா?"

"இல்ல."

"அப்பச் சரி. கிட்ட வா."

"நீயே வெச்சுக்கக்கா. எனக்கு மறந்துடும்."

"அவரு கத்துனா நான் சொல்ல மாட்டேன். ஆனா மெதுவாக் கேட்டா சொல்லிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும், பாப்பா. நீ வெச்சுக்க."

என் காதில் ஒரு வாக்கியம் சொன்னாள். நீளமாக இருந்தது. யாரும் சொல்லாததாக இருந்தது. சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்ன சொன்னேன்?"

"உனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? அதான் உங்கிட்டக் குடுத்துட்டேனே."

ஒவ்வொரு கோப்பையும் கையில் எடுத்து வாக்கியத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றும் பொரியாக மாறியது. எல்லாப் பொரியும் ஒரே மாதிரி இருந்தது. கோபமாகப் பேசியது எது, சும்மா பேசியது எது என்று சொல்ல முடியாது. ஒரு மூட்டை ஆயிற்று. லைன் இளைப்பதற்குள் அதைத் தள்ளி அனுப்பிவிட்டேன்.

செய்ததையெல்லாம் எழுதச் சொன்னார் மேடம். அந்த வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

விஜயதசமி அன்று கிட்டங்கிக்கு நான்தான் போனேன். அக்கா வரவில்லை. பஸ்ஸில் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உதட்டை அசைக்காமல் சொன்னேன். பாலம் அன்று நீளமாக இருந்தது. கண்டக்டர் பாலத்துக்குத் தனியாக இரண்டு டிக்கெட் கொடுத்தார்.

லோகநாதன் மாமா முன்பே வந்திருந்தார். கையில் பித்தளைச் சாவி இருந்தது. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிட்டங்கிக்காரர் தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

"கரண்ட் பில் எடுங்க" என்றார் மாமா.

மூட்டை வந்தது. மாமா அவிழ்த்தார். சாவியைப் பொரிக்குள் விட்டுத் திருகினார். சாவி சுற்றியது. சரசரவென்று சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"என்றா இது, பூசைப் பொரியா?" பெரியப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "நமுத்துப் போச்சு."

"ஐயா, அது கோப்புங்க" என்றார் கிட்டங்கிக்காரர்.

"கோப்புல கொஞ்சம் கடலை போட்டிருக்கலாம்."

மாமா தரையில் உட்கார்ந்தார். ஒரு பொரியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அப்படியே நிறைய நேரம் போனது. பெரியப்பா தூங்கிவிட்டார். கிட்டங்கியின் சுவர்கள் மெதுவாக நெருங்கி வந்தன. கடைசியில் மாமாவின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.

"இதுல நான் எங்க இருக்கறேன்?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒரே மாதிரிதானுங்க இருக்கும், மாமா."

"சாவி உங்கிட்ட இருக்குது."

நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

"என்னத் திட்டியிருக்காளா?"

"தெரியலீங்க மாமா. நான் கேக்கல. காதுல பஞ்சு வெச்சிருந்தேன்."

"குளிக்கப் போனா வர நேரமாகும். தண்ணி வீணாப் போகுதுன்னு கதவத் தட்டுவேன்" என்றார். "அவ பேசறான்னு தெரியல. தண்ணின்னுதான் நெனச்சேன்."

பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் தொற, பாப்பா. மீதிய நான் கேக்க மாட்டேன்."

அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா கேட்டிருக்கிறாள். அவள் ஏன் அதை என்னிடம் கொடுத்தாள் என்று அப்போது புரிந்தது. வாக்கியம் தொண்டையிலிருந்து கிளம்பி வந்தது. முதல் வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்றது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

இரண்டு கையாலும் பொரியை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டேன்.

மெல்லவில்லை. விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்க அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கால் மூச்சு விட்டேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார்.

மடியில் விழுந்திருந்த பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டையில் போட்டார். தன் சட்டை மடிப்பிலும் தேடிப் பார்த்தார். அங்கே ஒன்று இருந்தது. அதையும் போட்டார். மூட்டையின் வாயைக் கட்டிக் கொடுத்தார்.

கிட்டங்கிக்காரர் தராசில் வைத்தார். மணி அடித்தது.

"எடை குறையுதுங்க."

நான் அசையவில்லை. மாமா எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"பெரியப்பா தின்னுட்டாருன்னு எழுதிக்கங்க" என்றார்.

"இவ்வளவுமா?"

"அவருக்குப் பொரின்னா உசிரு."

வாசலில் பித்தளைச் சாவியை என் கையில் கொடுத்தார். "இத எதிர்வீட்டுல குடுத்துடு. அந்தக்கா தேடும்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். கையைக் காட்டினேன். பல்வலியா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவர் கிராம்பு கொடுத்தார். பாலம் இப்போது சின்னதாக இருந்தது. லைனும் பாலத்தின் ஓரமாக எங்களோடு வந்துகொண்டிருந்தது. பாதியிலேயே பின்தங்கிவிட்டது.

எங்கள் தெருவில் அர்த்தநாரி அண்ணன் வாசலில் நின்றார். பொட்டு இன்னும் அழியவில்லை. என் கன்னத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சந்தான்" என்றார்.

அக்கா சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டினாள். குழந்தையிடம் நீட்டுவது மாதிரி நீட்டினாள். நான் அதில் எல்லாவற்றையும் துப்பினேன்.

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"மெதுவாவா?"

"ரொம்ப மெதுவா."

அவள் கையை மடக்கவில்லை. பொரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தொற, பாப்பா" என்றாள்.

வாக்கியத்தைச் சொன்னேன். பொரி பொரியாகவே இருந்தது. ஒரு வார்த்தை முதலில் வருமா, கடைசியில் வருமா என்று சந்தேகம் வந்தது. பஸ்ஸில் போகும்போது சரியாக இருந்தது. கிராம்பு காரணமாக இருக்கலாம். அக்காவிடம் கேட்க முடியாது. அவளிடம் அது இல்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் காதில் சொன்னபோது எங்கே மூச்சு வாங்கினாள் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே நானும் மூச்சு வாங்கினேன். வார்த்தை தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அக்காவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையில் ஓடி என் காலைத் தொட்டது. குழாய்ச் சத்தம் சமையலறையை நிறைத்தது. பாத்திரங்கள் லேசாக அதிர்ந்தன. நான் பஞ்சைத் தேடினேன்.

"வேண்டாம். நீ இரு" என்றாள் அக்கா.

இருவரும் கேட்டோம். தண்ணீர் மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பின்னால் யாரோ இருப்பது மாதிரி இருந்தது.

"பேச்சு ஒண்ணும் கேக்கலையேக்கா."

"கேக்கும்."

அந்தக் குழாய் எங்கள் வீட்டில் இல்லை, மாமா வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. அக்கா எழுந்தாள். இங்கிருந்தே கையை நீட்டி அதை மூடினாள்.